எந்தப் புலனை நம்புவது?

ஜூன் 9, திங்கள்

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம். கண் தரும் செய்தியையும் மற்றப் புலன்கள் தரும் செய்தியையும் மூளை எப்படி ஒன்றாக்குகிறது என்பதில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவி, காலையிலிருந்து இருட்டறையை விட்டு வெளியே வரவில்லை. மானிட்டரின் மூலையில் ஓர் ஒளியுணர் டயோடை ஒட்டி, ஸ்பீக்கரிலிருந்து ஒரு வயரை இழுத்து, இரண்டையும் ஆசிலோஸ்கோப்பில் கொடுத்திருக்கிறாள். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு பிம்பத்துக்குச் சுமார் 17 மில்லிநொடி. ஒலி கணினியிலிருந்து கிளம்பி ஸ்பீக்கரை எட்டுவதற்குள் வேறொரு தாமதம் சேர்ந்துவிடுகிறது. மூளை எவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கப் போகிறவளுக்கு, கருவியின் தாமதம் முதலில் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

இயற்கையிலேயே இந்தத் தாமதம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி. வெளிச்சத்துக்கு அந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் உடலுக்குள் நுழைந்ததும் கதை தலைகீழாகிறது. காதின் மயிர்ச் செல்கள் அதிர்வை நொடிப்பொழுதில் மின்குறிப்பாக மாற்றிவிடுகின்றன. விழித்திரையிலோ வேதிவினைகள் அடுத்தடுத்து நடந்தாக வேண்டும், அதற்குப் பல பத்து மில்லிநொடிகள் ஆகும். அதனால் தவில் வாசிப்பவரிடமிருந்து சுமார் பத்து மீட்டர் தள்ளி நின்றால்தான், குச்சி தோலில் படும் காட்சியும் அதன் சத்தமும் மூளையை ஏறத்தாழ ஒரே வேளையில் எட்டும். பக்கத்தில் நின்றாலும் எட்ட நின்றாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கச்சேரி கேட்கும் யாருக்கும் அது தெரிவதில்லை. மூளை சரிக்கட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஜூன் 11, புதன்

இன்று சோதனைக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். கண்ணுக்கும் திரைக்கும் இடையே 57 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் திரையில் ஒரு சென்டிமீட்டர் என்பது கண்ணில் ஒரு பாகைக்குச் சமம் என்பதால், உலகெங்கும் பல பார்வை ஆய்வுக்கூடங்களில் நாற்காலியை அங்கே போடுகிறார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு வெள்ளை வட்டம் ஒரே ஒருமுறை மின்னி மறையும். அதோடு ஸ்பீக்கரில் அடுத்தடுத்து இரண்டு "பீப்".

"ரெண்டு தடவ மின்னுச்சு அக்கா" என்றான் ஒரு பையன்.

சோதனை முடிந்ததும் ஒரு தடவைதான் மின்னியது என்று அவனிடம் சொன்னாள். நம்பவில்லை. மறுபடி ஓட்டிக் காட்டினாள். உண்மை தெரிந்த பிறகும் அவன் கண்ணுக்கு இரண்டாகவே மின்னியது. 2000ஆம் ஆண்டு கால்டெக்கில் லாடன் ஷாம்ஸ், யுகியாசு காமிதானி, ஷின்சுகே ஷிமோஜோ மூவரும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அதுவரை, புலன்களில் கண்ணே ராஜா என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது: டிவியில் செய்தி வாசிப்பவரின் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும், வாயிலிருந்து வருவதாகவே நமக்குப் படுகிறது. இடத்தைத் தீர்மானிப்பதில் கண் ஜெயிக்கிறது. எத்தனை முறை, எப்போது என்ற கேள்வி வந்தால் காது ஜெயிக்கிறது. வட்டம் மின்னுவதற்கும் ஒலிக்கும் இடைவெளி 100 மில்லிநொடியைத் தாண்டிப் போகப்போக இந்த மாயமும் மங்கிவிடும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வேட்டின் முதல் பாதி.

ஜூன் 12, வியாழன்

நெறியாளரோடு பேச்சு முழுவதும் எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் இருவரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுற்றியே போனது. ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணால் பார்த்தும் விரல்களால் தொட்டும் சொல்ல வேண்டும். படம் தெளிவாக இருந்தவரை பதில்கள் கண் சொன்ன பக்கமே சாய்ந்தன. படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கலாக்கியபோது விரல்களின் பக்கம் நகர்ந்தன. இரண்டு சாட்சிகளில் யார் தெளிவாகப் பார்த்தவர் என்று எடைபோடும் நீதிபதியைப் போல, மூளை ஒவ்வொரு கணமும் நம்பகத்தை அளந்து பங்கு பிரிக்கிறது. அந்தப் பங்கீடு, புள்ளியியல் சூத்திரம் சொல்லும் மிகச் சிறந்த விடைக்கு மிக அருகில் இருந்ததுதான் வியப்பு.

ஜூன் 15, ஞாயிறு

ஊரில் பாட்டி. காது மந்தமாகி நாளாயிற்று. சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. "மூஞ்சியக் காட்டிப் பேசுடி, அப்பத்தான் கேக்கும்" என்கிறாள்.

பாட்டி சொல்வதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. இரைச்சலுக்கு நடுவே பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு எவ்வளவு கூடுதலாகப் புரிகிறது என்பதை சம்பி, போலாக் இருவரும் 1954லேயே அளந்துவிட்டார்கள். காது நன்றாக இருப்பவர்களும் உதட்டைக் கேட்கிறார்கள் என்பதை 1976ல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் காட்டினார்கள். காதில் "பா" ஒலிக்க, திரையில் வாய் "கா" என்று அசைந்தால், பலருக்கும் "தா" என்று கேட்கிறது. ஒலியிலும் இல்லாத, உதட்டிலும் இல்லாத மூன்றாவது எழுத்து! கண்ணை மூடினால் உடனே "பா". திறந்தால் மறுபடி "தா".

அவள் மடிக்கணினியில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். பாட்டிக்குக் "கா" என்றே கேட்டது. காது தரும் செய்தி கலங்கலாகிவிட்டதால் பாட்டியின் மூளை பாரத்தை முழுக்கக் கண்ணின் மேல் போட்டுவிட்டது போலும்.

ஜூன் 18, புதன்

புலன்களை எடைபோட்டுச் சேர்க்கும் இந்தத் திறன் பிறவியிலேயே வருவதா, பழகி வருவதா? ஆய்வேட்டின் மறுபாதி இந்தக் கேள்வியில் நிற்கிறது. மிகப் பழைய கேள்வி. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டு அடையாளம் காணப் பழகியிருக்கிறார். அவருக்குத் திடீரென்று பார்வை கிடைத்தால், தொடாமல் பார்த்தே எது எதுவென்று சொல்வாரா? டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினியூ 1688ல் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டது இது. மாலினியூவின் மனைவி திருமணமான சிறிது காலத்திலேயே பார்வை இழந்தவர்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து விடை டெல்லியில் கிடைத்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிராஜெக்ட் பிரகாஷ், பிறவிக் கண்புரை போன்ற கோளாறுகளால் பார்வையின்றி வளரும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சிகிச்சை அளிக்கிறது. அப்படிச் சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரிடம், பொம்மைக் கட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2011ல் வெளிவந்தது. தொட்டதைத் தொட்டே கண்டுபிடிக்கச் சொன்னபோது 98 விழுக்காடு சரி. பார்த்ததைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் 92. தொட்டதைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் வெறும் 58. குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும். கண் தெளிவாகப் பார்க்கிறது, விரல் தெளிவாக உணர்கிறது, இரண்டுக்கும் நடுவே பாலம்தான் இல்லை. ஆனால் அவர்களில் சிலரைப் பின்னர் மீண்டும் சோதித்தபோது, தனிப் பயிற்சி எதுவும் தராமலே அந்தப் பாலம் உருவாகியிருந்தது.

இந்த 58 என்ற எண்ணைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் வேறெதையும் படிக்கவில்லை.

பழகித்தான் வருகிறது என்பதையே பூனைகளும் சொல்கின்றன. நடுமூளையிலுள்ள சுப்பீரியர் காலிக்குலஸில் கண்ணுக்கும் காதுக்கும் பொதுவான நரம்பணுக்கள் உண்டு. மங்கலான ஒளியும் மெல்லிய ஒலியும் சேர்ந்து வந்தால், தனித்தனியே தரும் துடிப்புகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக அவை துடிப்பதை பேரி ஸ்டைனும் அலெக்ஸ் மெரிடித்தும் 1980களில் பதிவு செய்தார்கள். இருட்டில் வளர்க்கப்பட்ட பூனைகளிலும் அந்த அணுக்கள் ஒளிக்கும் ஒலிக்கும் துடிக்கின்றன. சேர்ந்து வரும்போது கிடைக்கும் அந்தக் கூடுதல் மட்டும் இல்லை. இத்தாலியில் மோனிகா கோரி குழுவினர் 2008ல் கண்டதும் பொருந்துகிறது: எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கண்ணையும் கையையும் பெரியவர்களைப் போல எடைபோட்டுச் சேர்ப்பதில்லை. ஏதேனும் ஒன்றையே நம்பிவிடுகிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

ஆய்வுக்குழுக் கூட்டம். முன்னேற்ற அறிக்கையைக் கேட்ட பேராசிரியர் ஒருவர், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான்.

காது கேட்காததால் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றி அவள் சொன்னாள். 2005ல் வெளியான ஓர் ஆய்வில், மெக்கர்க் சோதனையில் உதட்டையும் ஒலியையும் சீராக இணைத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டரை வயதுக்குள் கருவி பெற்றவர்கள். தாமதமாகப் பெற்ற குழந்தைகள் பலர், ஒலி கிடைத்த பிறகும் உதட்டையே நம்பினார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் கருவி பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. எந்தக் குழந்தை இன்னும் கண்ணை மட்டுமே நம்புகிறது என்று அளக்க முடிந்தால், பேச்சுப் பயிற்சியை அந்தக் குழந்தைக்கு ஏற்ப மாற்றலாம். பிறந்த உடனே செவித்திறனைச் சோதிக்க வேண்டும் என்ற வாதத்துக்கும் அது வலு சேர்க்கும்.

குழு ஒப்புக்கொண்டது. அடுத்த கட்டத்தில் குழந்தைகளையும் சேர்க்கலாம், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு. தாங்கியில் முகவாயை வைத்துக்கொண்டு நான்கு வயதுப் பிள்ளை உட்காராது. அம்மா மடியில் உட்கார்த்தி, கண் போகும் திசையை கேமராவால் பதிய வேண்டும். பெற்றோருக்கான ஒப்புதல் படிவத்தில் "சோதனை" என்று போட்டால் பயப்படுவார்கள் என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார். படிவத்தை எளிய தமிழில் எழுதி, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, திங்களன்று கொடுக்க வேண்டும்.