நெப்டியூனின் ஒளி

தேடிக் கிடைக்காததை இல்லாதது என்று எண்ணிவிடுவது நம் இயல்பு. நெப்டியூனின் துருவ ஒளி அவ்வியல்பைச் சற்றே நிதானிக்கச் செய்கிறது.

பெருங்கோள்களின் மேல்வளிமண்டலத்தில் மின்னூட்டத் துகள்கள் பாயும்போது மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த அயனி ஒன்று பிறக்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் அது ஒளிர்கிறது. நிறமாலையில் அதன் கோடுகளைப் படித்தால் அவ்விடத்தின் வெப்பநிலையையும் அறியலாம். வியாழன், சனி, யுரேனஸ் மூன்றிலும் கடந்த நூற்றாண்டிலேயே அது காணப்பட்டது. நெப்டியூனில் மட்டும் பல்லாண்டுத் தேடலுக்கும் அகப்படவில்லை.

2023 ஜூனில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அக்கோடுகளைப் பதிவு செய்தது. 2025-இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. 1989-இல் வாயேஜர் 2 கடந்து சென்றபோது இருந்ததைவிட அம்மேல்வளிமண்டலம் பல நூறு பாகை குளிர்ந்திருந்தது. குளிரக் குளிர அயனியின் ஒளியும் மங்கும். எதிர்பார்ப்புகளோ வாயேஜர் அளந்த வெப்பத்தை ஒட்டியே அமைந்திருந்தன.

துருவ ஒளி என்னும் பெயரும் அங்குப் பொருந்தவில்லை. காந்த அச்சு சுழலச்சிலிருந்து 47 பாகை சாய்ந்திருப்பதால், துருவங்களை விட்டு விலகி நடு அட்சங்களில் அது ஒளிர்கிறது. அந்த ஒளி அங்கே இல்லாமற்போகவில்லை. நாம் அறிந்து வைத்திருந்த நெப்டியூன்தான் அதற்குள் பழையதாகிவிட்டிருந்தது.