பேர் போடாத உழைப்பு

இலங்கையின் மலையகத் தமிழரின் புலப்பெயர்வு காட்டை வெட்டும் வேலையோடு தொடங்கியது. 1820களிலிருந்து கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்ட பின்னர் அதற்காகவும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், மத்திய மலைநாட்டின் அடர்வனங்களை அழித்தே தோட்டங்களை உருவாக்கினர். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5,000 அடி உயரத்துக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதைக் குடியேற்ற அரசு 1873இல் தடுக்க முற்பட்டதனாலேயே மலைமுகடுகளில் வனம் எஞ்சியது. அவ்வாறு எஞ்சியவற்றுள் ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2010இல் அதுவும் சிவனொளிபாதமலை வனப்பகுதியும் நக்கிள்ஸ் காடும் ஒருங்கே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

இவ்வனங்களைப் பேணுவதில் அரச திணைக்களங்களுக்குத் துணைநிற்பது சிரமதானம். உழைப்பைக் கொடையாக அளித்தல் என்னும் பொருளுடைய இச்சொல், 1958இல் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் வழியே நாடெங்கும் பரவி, இலங்கைத் தமிழிலும் அன்றாட வழக்காகிவிட்டது.

அதன் தேவை மிகுதியாகப் புலப்படும் இடம் சிவனொளிபாதமலை. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடியும் யாத்திரைக் காலத்தில், ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைவோர், அங்கிருந்து ஏறத்தாழ 5,500 படிகளை இரவில் ஏறி உதயத்தைக் காண்கின்றனர். முதியோரைக் கைபிடித்து ஏற்றுவது, வழி தவறியவர்களைத் திருப்பிவிடுவது, குளிரில் நடுங்குவோருக்குச் சூடாக ஏதேனும் அருந்தக் கொடுப்பது ஆகியவை ஒருவகைத் தொண்டு. யாத்திரிகர் விட்டுச்சென்ற போத்தல்களையும் பொலித்தீனையும் ஓடைகளிலிருந்து சாக்குகளில் சேர்த்து இறக்குவது மற்றொரு வகை. ஊசியும் நூலும் காணிக்கையாக இடப்படும் இம்மலையில், படியோரச் செடிகளில் சிக்கிய நூலை அகற்றுவோர் பிறரின் நம்பிக்கையைப் புண்படுத்தாமலே காட்டைக் காக்க வேண்டியவர்களாகின்றனர். மலையடிவார ஊரின் பெயரே நல்லதண்ணி என்பதை எண்ணினால், அந்த ஓடைகளைத் துப்புரவாக வைத்திருப்பதன் பொருள் தெளிவாகும்.

ஹோர்ட்டன் சமவெளியின் நிலை வேறு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர் ஊறும் 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள இங்கு, பத்தனை எனப்படும் மலைப்புல்வெளியும் முகில் படிந்த குறுமரக் காடும் மாறிமாறி வருகின்றன. வாயிலிலேயே பொலித்தீன் உறைகள் அகற்றப்பட்டாலும், உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பில் எச்சரிக்கையாக நிற்கவும், மரைகளுக்குத் தீனி கொடாதிருக்கவும், புல்வெளியில் மிதிக்காமல் பாதையிலேயே நடக்கவும் வருகையாளருக்கு அவரவர் மொழியில் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய முட்புதரைக் களைவதற்கும் கைகள் வேண்டும்.

தோட்டத்துத் தமிழர் இப்பணியில் ஈடுபடும்போது அதற்குத் தனிப்பொருள் உண்டாகிறது. தோட்டத்தில் உழைப்பு என்பது எண்ணப்படுவது: காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கப்படும், ஒருநாட் சம்பளம் 'பேர்' எனப்படும், கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' மட்டுமே விழும். செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் பேர் பதியப்பட்ட இம்மக்களுள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். எஞ்சியோருக்கு 2003இல்தான் முழுமையாகக் குடியுரிமை கிட்டியது. சிரமதானத்திலோ எவரும் எவருக்கும் பேர் போடுவதில்லை.

எனினும், இக்கொடை எல்லோருக்கும் ஒரே விலையுடையதன்று. நகரிலிருந்து வருபவர் ஓய்வுநாளொன்றைத் தருகிறார். நாட்கூலியில் வாழ்பவர் வேலைநாளில் வந்தால் ஒரு பேரையே இழக்கிறார் என்பதனால், ஞாயிறும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையுமே அவருக்கு வாய்க்கின்றன. தாம் குடியிருக்கும் லயம் என்னும் தோட்ட வரிசைவீட்டின் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாத ஒருவர், நாட்டுக்கே பொதுவான மலையொன்றிலிருந்து பிறர் எறிந்த குப்பையைச் சுமந்து இறங்குகிறார்.