பெரட்டு இல்லாத வேலை



"வேலைக்குப் போகிறேன்" என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். வேலை என்பது ஓரிடத்தில் இருக்கும், நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும் என்பது நம் பேச்சிலேயே ஊறிப் போய்விட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் ஆழமாகத் தெரியும். கருக்கலில் எழுந்து, பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மண்டோர் காட்டிய நிரைக்கு உளியும் வாளியுமாக நடந்தால்தான் அது வேலை. பேர் கொடுக்கத் தவறினால் அன்றைய கூலி இல்லை. வேலையே போய்விட்டால் குடியிருக்கும் லயத்து வீடும் போய்விடும்.

இடமும் நேரமும் மேலே கண்காணிக்க ஓர் ஆளும் இருந்தால்தான் வேலை என்று வாழ்ந்த குடும்பத்தில், இவை ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளை சம்பாதித்தால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

குளுவாங் வட்டாரத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி கணக்கியல் முடித்து, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தாள். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலை 4 மணிக்கே எழுந்து பாலம் கடப்பாள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2022 ஏப்ரல் முதல் நாள்தான் தரைவழி எல்லை பழையபடி திறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் நம் ஜொகூர்க் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கரையில் தங்கிப் பிள்ளை முகம் காணாமல் தவித்தவர்கள் உண்டு. இக்கரையில் நின்று வேலையை இழந்தவர்களும் உண்டு.

அவளுக்கு மட்டும் வேலை போகவில்லை. கணினி வழியே கணக்கை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஆனால் தோட்டத்து வீட்டில் லைன் கிடைப்பதில்லை. கடைகளில் அமர அனுமதி வந்ததும், மோட்டார் சைக்கிளில் குளுவாங் பட்டணத்துக்குப் போய், இணைய வசதியுள்ள கோப்பிக்கடை ஒன்றில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். எல்லை திறந்த பிறகும் நிறுவனம் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பிறகு ஒரு முறை தோழியோடு பினாங்குக்குப் போய், ஒரு மாதம் அங்கிருந்தபடியே வேலை பார்த்தாள். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினாள். படத்தில் கணினி, கோப்பி, பின்னால் வெயிலில் பளபளக்கும் கடல்.

அந்தப் படம்தான் வீட்டில் புயலைக் கிளப்பியது.

அவள் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கோயில் திருவிழாவில் என்னைக் கண்டதும் ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "பெரட்டு இல்லாத வேலையும் ஒரு வேலையா டீச்சர்? குந்தித் தின்றால் குன்றும் மாளும்பாங்க. கோப்பிக்கடையில குந்தியிருக்கிறவளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறா? பெண் கேட்டு வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். அவர் மனைவியோ, யார் கேட்டாலும் "ஆபீஸ் வேலை" என்று சொல்லும்படி மகளுக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்.

எண்ணிப் பாருங்கள். நேர்மையாக உழைக்கும் ஒரு பெண், திருடியவள்போல் தன் உழைப்பை மறைக்க வேண்டியிருக்கிறது. "அண்ணே, மாதக் கடைசியில் அவள் நள்ளிரவு வரை கணக்கை முடிப்பது அந்தப் படத்தில் தெரியாது. கோப்பி குடிக்க அவளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கு நேராக இருந்தால்தான் சம்பளம்" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கலங்கியதில் வியப்பில்லை. வெயில் என்பது பால்மரம் வெட்டியவருக்கு உல்லாசம் அல்ல. விடியுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. வெயிலோடு போட்டியிட்டு வாழ்ந்தவர் மகளை வெயிலோரம் கோப்பியும் கையுமாகக் கண்டால் திகைக்கத்தானே செய்வார்?

கோப்பிக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. ரப்பர் வருவதற்கு முன் இந்நாட்டுத் தோட்டங்களில் நம் முன்னோர் கரும்பும் கோப்பியும்தான் பயிரிட்டார்கள். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. அதன் பிறகே ரப்பர் எங்கும் பரவியது. அன்று பயிரான லைபீரிக்கா மரம் இன்றும் ஜொகூரில் இருக்கிறது. உயரமான மரம், தடித்த இலை, பலாப்பழ வாசனை வீசும் கொட்டை. அதைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடித்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பரப்பியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய கோப்பிக்கடை நாடறிந்தது. இப்போது பட்டணங்களில் "சிறப்புக் கோப்பி" என்று வேறொரு வகைக் கடை வந்திருக்கிறது. வல்லுநர் சுவைத்துப் பார்த்து 100க்கு 80 மதிப்பெண்ணாவது கொடுத்த கொட்டையைத்தான் அந்தப் பெயரில் விற்பது வழக்கம். ஒரு கோப்பை 10 வெள்ளிக்கு மேலும் போகும். அந்த விலையில் மேசையும் மின்சாரமும் இணையமும் அடங்கியிருக்கின்றன.

இப்படி வேலை செய்பவர்களை அரசாங்கமே வரவேற்கிறது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022ஆம் ஆண்டு "டி.இ. ரந்தாவ்" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுக் கணினிப் பணியாளர் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை இங்கே தங்கித் தம் நாட்டு வேலையைச் செய்யலாம். தொழில்நுட்பத் துறையினரிடம் தொடக்கத்தில் கேட்கப்பட்ட ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர். பினாங்கும் லங்காவியும் இவர்கள் விரும்பி வரும் தீவுகள். "ரந்தாவ்" என்ற மலாய்ச் சொல்லுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் தூரதேசம் என்று பொருள். கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்த நம் முன்னோர் செய்ததும் அதுதான். வேலையிருக்கும் இடத்துக்கு அவர்கள் வந்தார்கள். இவர்கள் வேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நம் நாட்டுத் தொழிலாளிக்கும் சட்டம் சிறிது வழிவிட்டிருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். அவர் 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது சிறிய உதவியா?

ஆனால், பெரட்டை அப்படியே தூக்கி எறிந்துவிடவும் என் மனம் ஒப்பவில்லை. பெரட்டு நம்மை விரட்டியது உண்மை. நம்மை ஒன்று சேர்த்ததும் அதே பெரட்டுதான். ஒரே களத்தில் நின்றவர்கள் ஒருவர் துன்பத்தை ஒருவர் அறிந்தார்கள். அந்த அறிமுகத்தால்தான் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாக முடிந்தது. கோப்பிக்கடையில் தனியே இருப்பவளுக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர் யார் என்றே தெரியாது. சம்பளம் தாமதமானால் யாரிடம் சொல்வாள்? நோய்வாய்ப்பட்டால் அவள் நிரையை யார் வெட்டுவார்? அவளைக் கண்காணிக்க மண்டோர் இல்லை. அவளுக்காகப் பேசவும் ஆளில்லை.

ஆகவே பெற்றோர்களே, "எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்பதை விட்டு வேறு சில கேள்விகளைக் கேளுங்கள்.

வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? சம்பளம் எந்த நாளில், எந்த நாணயத்தில் வருகிறது? வெளிநாட்டு நிறுவனம் என்றால் சேமநிதிக்குத் தானாகப் பணம் பிடிக்க மாட்டார்கள்; ஊழியர் சேமநிதி வாரியத்தில் சொந்தமாகக் கட்டுகிறாளா? தனியாகத் தொழில் செய்பவன் என்றால், 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பதிந்திருக்கிறானா? இங்கே உட்கார்ந்து சம்பாதித்த பணத்துக்கு இங்கே வருமான வரிக் கணக்கும் காட்ட வேண்டும் என்பது தெரியுமா? பொது இடத்து இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருக்கிறாளா?

இன்னொன்றும் உண்டு. "வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம், முதலில் முன்பணம் கட்டு" என்று வரும் விளம்பரம் வேலை அல்ல, தூண்டில். கணினி வேலை என்று கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் அழைத்துப் போய், அடைத்து வைத்து, மோசடி செய்யப் பழக்கிய கொடுமைக்கு மலேசியப் பிள்ளைகளும் ஆளாகியிருக்கிறார்கள். மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022ஆம் ஆண்டு இதற்கென்றே அந்த மையம் அமைக்கப்பட்டது.

இளையவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெரட்டை நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் மூடுங்கள். ஒரு கோப்பிக்கு நாள் முழுவதும் மேசையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரருக்கும் வாடகை உண்டு. இதே வேலை செய்யும் நாலு பேரைத் தேடிப் பழகி, சம்பளமும் சட்டமும் பேசுங்கள். உங்கள் தாத்தா களத்தில் நின்று கற்ற பாடம் அது. முக்கியமாக, ஒரு நாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் செய்யும் வேலையைத் திரையில் காட்டுங்கள்.

கை காய்த்துப் போனவருக்கு, கை காய்க்காத உழைப்பை ஒருவர் விளக்கிச் சொன்னால்தான் புரியும். புரிந்துவிட்டால், பெண் கேட்டு வருபவர்களிடம் அவரே தலை நிமிர்ந்து சொல்வார்: "என் மகள் கணக்கெழுதுகிறாள். எங்கே இருந்தாலும் எழுதுவாள்."