மாமா + நீ = தாத்தா

நான்காம் வகுப்புக் கரும்பலகையில் இப்படி எழுதிப்போட்டால் முதலில் சிரிப்புதான் வரும். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு விதியைச் சொல்வேன். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஓர் இலக்கம் ஒளிந்திருக்கிறது. அதே எழுத்து எங்கே வந்தாலும் அதே இலக்கம். வேறு எழுத்துக்கு வேறு இலக்கம். எந்த எண்ணும் பூஜ்ஜியத்தில் தொடங்கக் கூடாது. 'தா' வேறு, 'த்' வேறு.

பிள்ளைகள் ரஃப் நோட்டில் 22, 55 என்று கைக்கு வந்ததைப் போட்டுப் பார்ப்பார்கள். நான் தடுப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "டீச்சர், ரெண்டு இலக்கத்தோட ஒரு இலக்கத்தைக் கூட்டுறோம், மூணு இலக்கம் வந்திருக்கே!" இந்தப் புதிரை நான் போடுவதே அந்தக் குரலுக்காகத்தான். 88உடன் 9ஐக் கூட்டினாலும் 97தான். ஆகவே மாமா 99. அதனுடன் எந்த ஓரிலக்க எண்ணைக் கூட்டினாலும் 108ஐத் தாண்டாது, தா 1. முதலிலும் கடைசியிலும் 1 என்றால் 101. த் 0, நீ 2.

வெறும் விடையைச் சொன்னால் நான் டிக் போடுவதில்லை. "88 ஏன் ஆகாது?" என்று கேட்பேன். "வேற எதுவும் வராது டீச்சர்" என்று சொல்லி, ஏன் வராது என்றும் சொல்லத் தெரிந்த பிள்ளை ஒரு நிரூபணத்தையே முடித்துவிட்டது. அந்தச் சொல் அதன் பாடப்புத்தகத்தில் வர இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன.

இனமாற்றக் கூட்டலை எல்லோரும் மனப்பாடமாகச் செய்கிறார்கள். ஆறும் ஏழும் பதிமூணு, மூணு போட்டு மேலே ஒண்ணு. அது ஏன் எப்போதும் ஒண்ணு? இரண்டு எண்களைக் கூட்டும்போது மேலே இரண்டு போகவே போகாதா? சாதாரணக் கணக்கில் இந்தக் கேள்வி எழ வாய்ப்பே இல்லை. புதிரில் இதைக் கேட்காமல் நகர முடியாது. 9உம் 9உம் 18, கீழேயிருந்து வந்த 1உம் சேர்ந்தால் 19. அதற்கு மேல் வழியில்லை. லண்டன் ஸ்ட்ராண்ட் இதழில் 1924 ஜூலையில் ஹென்றி டூடனி வெளியிட்ட 'SEND + MORE = MONEY' புதிரும் (9567 + 1085 = 10652) இந்த வாசல் வழியாகத்தான் திறக்கும். விடையின் தலையில் நிற்கும் எழுத்து 1 ஆகத்தான் இருக்க முடியும்.

மூன்று எண்கள் என்றால் கதை மாறும். 'ல + ல + ல = பல' போட்டுப் பாருங்கள். மூன்றைக் கூட்டியும் கடைசியில் அதே ல வருகிறது என்றால், மற்ற இரண்டு ல-வும் சேர்ந்து பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். 5தான்.

சீக்கிரம் முடித்தவர்களுக்குப் பொழுதுபோக்காக இதைக் கொடுக்கும் வழக்கம் பல வகுப்புகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளைகள் இதில் முன்னால் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு எட்டாமல் இதை வைப்பது அநியாயம். நேரம் வைத்துப் போட்டி நடத்துவதும் வேண்டாம்.

புதிரை அவர்களே உண்டாக்கும்போதுதான் விஷயம் ஆழமாகிறது. ஒரு சிறுமி 33 + 35 = 68ஐ மனதில் வைத்து 'மாமா + மாமி = வாடா' என்று எழுதினாள். வகுப்பு 11 + 13 = 24 என்றது, 22 + 23 = 45 என்றது. எதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே விடை என்பது தானாக அமைவதில்லை, புதிர் போடுகிறவர்தான் அதைக் கட்ட வேண்டும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் 'வாடா'வை 'வாமா' ஆக்கினாள். உடனே மி பூஜ்ஜியமாகி, விடைகள் நான்காகக் குறைந்தன: 21, 42, 63, 84. "கூட்டுத்தொகை 80ஐத் தாண்டும்" என்று ஒரு குறிப்பும் சேர்த்து, ஒன்றாக்கிவிட்டாள்.

அந்த நான்கும் 21ஆம் வாய்ப்பாடு என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கண்டுபிடித்தான். ஏன் என்று மறுநாள் முழுப் பாடவேளையும் பேசினோம். மாமா என்பது மா-வின் 11 மடங்கு, மாமி 10 மடங்கு.