எல்லாரும் செய்கிறார்களே!

பரீட்சை மண்டபத்தில் காவல் இருந்தோம். ஒரு பையனின் சட்டைக் கையிலிருந்து துண்டுக் காகிதம் விழுந்தது. "எல்லாரும் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், ஸார்! நான் மட்டும் யோக்கியனாயிருந்து பெயிலாக வேண்டுமா?" என்றான்.

இந்த வாதத்தைச் சமுத்திரத்துக்கு அப்பாலும் கேட்கலாம். அமெரிக்காவில், நம் ரேக்ளாவைப் போல், இரு சக்கர வண்டியில் குதிரை பூட்டி ஓட்டும் பந்தயம் உண்டு. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக்கூடாது என்பது விதி. அந்தக் குதிரைகளுக்கும் மற்றப் பந்தயக் குதிரைகளுக்கும் ஊக்க மருந்து செலுத்தியதாக, 2020 மார்ச்சில் நியூயார்க்கில் 27 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். பரிசோதனையில் அகப்படாத மருந்துகளைத் தயாரித்து விற்ற ஸேத் பிஷ்மன் என்ற கால்நடை வைத்தியருக்கு 2022-ல் 11 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஏன் செய்தார்கள்? ஆசை பாதி, பயம் பாதி. பக்கத்துக் கொட்டிலில் மருந்து போடுகிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால் போதும். தோற்றுக்கொண்டேயிருக்கும் யோக்கியனிடம் எந்தக் குதிரைச் சொந்தக்காரர் தங்குவார்? அகப்படமாட்டோம் என்ற தைரியமும் சேர்ந்துவிட்டால் கேட்பானேன்! கஷ்டமெல்லாம் வாயில்லா ஜீவனுக்குத்தான்.

பையனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை. சில வருஷங்களுக்கு முன், தேர்ச்சி விகிதம் குறைந்துவிடுமே என்று, இதே போன்ற காகிதத்தைக் காணாதவர் போல், ஜன்னல் வழியே ராயக்கோட்டை மலைக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நாமேயல்லவா?

இம்முறை கோட்டையைப் பார்க்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டோம். மாலையில் தலைமையாசிரியரிடம் இரண்டு காகிதங்களைப் பற்றியும் சொன்னோம்.