ராத்திரி மட்டும் வரும் வலி

பொட்டி தட்டுற நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கமான ஒரு தொல்லை உண்டு மக்கா. ராத்திரி ரெண்டு மணிக்கு கஸ்டமர் போன் போட்டு அலறுவான். காலைல வந்து பார்த்தா சிஸ்டம் சமத்தா ஓடிக்கிட்டு இருக்கும். லாக்ல ஒரு எழவும் இருக்காது. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு 'ரீப்ரொட்யூஸ் ஆகல'ன்னு எழுதி டிக்கெட்டை மூடிருவோம். சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற 'வளர்ச்சி வலி'யும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான். என்ன, இங்க டிக்கெட்டை மூடுனா உள்ள ஒரு பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கும்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயசு. வீட்ல எல்லாருக்கும் அவ வாலு, இங்கயும் அதே பேர்ல இருக்கட்டும். மதுரைல இருக்காங்க. நான் சென்னைல இருந்து மாசத்துக்கு ரெண்டு வாரக்கடைசி போவேன். ஒன்பது மணிக்குத் தூங்குற பிள்ளை, பத்தரை மணிக்கு முழிச்சு ரெண்டு காலையும் பிடிச்சுக்கிட்டு "நோகுதும்மா"ன்னு அழும். அக்கா எண்ணெய் தேச்சு அரைமணி நேரம் அமுக்கி விட்டா தூங்கிரும். காலைல ஸ்கூல் வேனுக்கு ரெண்டு ரெண்டு படியா தாவி ஓடும். ஒரு வாரத்துல மூணு ராத்திரி வரும், அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணும் இருக்காது.

வீட்ல ஆளுக்கொரு தீர்ப்பு. அப்பத்தா, "வளர்ற புள்ளைக்கு எலும்பு நீளுதுல்ல, வலிக்கத்தான் செய்யும்"னு வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. அக்கா ராத்திரி ஒரு மணிக்கு கூகிள் பண்ணி, புத்துநோய் வரைக்கும் போய்ட்டு தூங்காம உக்காந்திருக்கும். மச்சானுக்கு எதுவும் காரணத்தோட இருக்கணும். "நாள் பூரா மொட்டை மாடில ஓடுறா, சைக்கிள் ஓட்டுறா, வலிக்காம என்ன செய்யும்?"னு சொல்லி சைக்கிளைப் பூட்டி சாவியை பீரோல வெச்சுட்டாரு. மொட்டை மாடியும் கட்.

ரெண்டு வாரம் வலியே இல்ல. மச்சானுக்கு ஒரே பெருமை.

அந்த வாரக்கடைசி நான் போயிருந்தேன். ஹால்ல பாய் விரிச்சு வாலு என் பக்கத்துல படுத்திருந்தா. பதினோரு மணி போல முழிப்பு வந்து பார்த்தா, பிள்ளை போர்வைக்குள்ள சுருண்டு, கெண்டைக்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு தலகாணியில வாயைப் புதைச்சுக்கிட்டு இருக்கு. சத்தமே இல்ல. என்னடான்னு கேட்டா காதுல வந்து சொல்லுது, "அப்பாட்ட சொல்லிராத மாமா. சொன்னா சைக்கிளைக் குடுக்கவே மாட்டாரு."

அதாவது பிள்ளைக்கு வலி போகல. வலியைச் சொல்றதுதான் போயிருக்கு. ஆறு வயசுல!

மறுநாள் காலைல அக்காவும் மச்சானும் நானும் உக்காந்து பேசுனோம். மச்சான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரே குழந்தைங்க டாக்டர்கிட்ட நேரம் வாங்குனாரு.

டாக்டர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுறேன், வீட்ல பிள்ளை இருக்கவங்களுக்கு ஆகும். வலி ரெண்டு கால்லயுமா, எப்பவும் ஒரே காலா? சதையிலயா, மூட்டுலயா? காலைல எந்திரிக்கும்போது இருக்கா, நொண்டுறாளா? வீக்கம், செவப்பு, காய்ச்சல் உண்டா? எடை குறைஞ்சதா, சோர்ந்து போறாளா? அமுக்கி விட்டா சுகமா இருக்கா, தொட விடாம கத்துறாளா? வளர்ச்சி வலின்னா பெரும்பாலும் ரெண்டு கால்லயும், கெண்டைக்கால், முன்தொடை, முட்டிக்குப் பின்னால வரும். சாயங்காலமோ ராத்திரியோ வந்து, காலைல சுவடே இல்லாம போயிரும். அமுக்கி விட்டா பிள்ளைக்கு இதமா இருக்கும். ஒரே கால்ல விடாம வலி, காலைல நொண்டல், வீக்கம், காய்ச்சல், தொட்டாலே வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் வளர்ச்சி வலின்னு வீட்ல இருந்துறக் கூடாது. உடனே டாக்டர்கிட்ட காட்டணும். எப்பவாவது ரத்தப் புத்துநோய் கூட எலும்பு வலியாத்தான் ஆரம்பிக்கும். அக்கா பயந்தது வெறும் பைத்தியக்காரத்தனம் இல்ல.

வாலுவோட காலை மடக்கி நீட்டி, ஒவ்வொரு மூட்டா அமுக்கிப் பார்த்து, நடக்க விட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல, கெண்டைக்கால் சதை இறுக்கமா இருக்கு"ன்னு சொல்லி பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்புனாரு.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, ஊருக்குத் திரும்புறப்ப பஸ்ல உக்காந்து தோண்டுனேன். இந்தப் பேரை முதல்ல வெச்சது மார்செல் துஷாம்ப்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், 1823ல. இருநூறு வருஷம் ஆச்சு. ஆனா பேருக்கும் நோவுக்கும் சம்பந்தம் இருக்கான்னே சந்தேகம். பிள்ளைங்க வேகமா வளர்றது முதல் வருஷம், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அப்புறம் வயசுக்கு வர்ற சமயத்துல. இந்த வலி அதிகமா வர்றது ரெண்டுக்கும் நடுவுல, நிதானமா வளர்ற வயசுல. கையும்தான் வளருது, அது ஏன் பெருசா வலிக்கல? அதே நேரம், ஆட்டுக்குட்டியோட கால் எலும்புல சென்சார் வெச்சு 2004ல வெளியான ஒரு ஆய்வுல, எலும்பு நீள்றது ஏறக்குறைய 90 சதவீதம் குட்டி படுத்திருக்கும்போதுதான்னு கண்டுபிடிச்சாங்க. அப்பத்தா கட்சிக்கு ஒரு ஓட்டு :-)

2022ல சிட்னி பல்கலைக்கழகத்து ஆளுங்க 145 ஆய்வுகளை அலசிப் பார்த்து, வளர்ச்சி வலின்னா என்னன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு வரையறையே இல்லன்னு எழுதிட்டாங்க. ஸ்பெக்கே இல்லாத பக்! ஆனா அபூர்வமான வலியும் இல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவுல 4 முதல் 6 வயசுப் பிள்ளைகள்கிட்ட எடுத்த கணக்கு 2004ல வந்துச்சு, 36.9 சதவீதம். மூணு பேர்ல ஒருத்தருக்கு மேல. அதே வருஷம் இஸ்ரேல்ல இருந்து வந்த இன்னொரு ஆய்வு, இந்தப் பிள்ளைகளுக்கு வலி தாங்குற எல்லை மத்தவங்களை விட குறைவுன்னு சொல்லுது. காரணம் பிடிபடாம இருக்கலாம், வலி நடிப்பு இல்ல.

பிசியோதெரபிஸ்ட் ஒரு அம்மா. முதல் வேலையா மச்சானைப் பார்த்து, "விளையாட்டை நிறுத்தாதீங்க சார்"னு சொன்னாங்க. ரொம்ப ஆடுன அன்னைக்கு ராத்திரி வலி கூடலாம். அன்னைக்கு படுக்குறதுக்கு முன்னால இளஞ்சூட்டுல ஒத்தடம் குடுத்து, காலை நீட்டி விடணும். ஆட்டத்தை நிறுத்துனா சதை இன்னும் சோம்பேறியாத்தான் ஆகும்னாங்க. அப்புறம் மூணே மூணு பயிற்சி.

ஒண்ணு, சுவரைத் தள்ளுறது. சுவத்துல ரெண்டு கையையும் ஊனி, ஒரு காலைப் பின்னால நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாம, முன்னங்காலை மடக்கணும். கெண்டைக்கால் இழுக்கும்.

ரெண்டு, மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஒரு காலை மடக்காம மெதுவா மேல தூக்கறது. நாம கீழ இருந்து தாங்கிப் பிடிச்சுக்கணும். பின்தொடைக்கு.

மூணு, குப்புறப் படுத்து குதிகாலை பின்பக்கம் தொடுற மாதிரி மடக்கறது. முன்தொடைக்கு.

ஒவ்வொண்ணும் இருபது எண்ணுற வரைக்கும், ஒவ்வொரு காலுக்கும் மூணு தடவை, காலைல ஒருக்கா ராத்திரி ஒருக்கா. வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. பிள்ளை "இழுக்குது"ன்னா சரி, "வலிக்குது"ன்னா அங்கயே விட்டுறணும். வலி தாங்கலன்னா டாக்டர் சொன்ன அளவுல பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது, ரேஸ் சிண்ட்ரோம்னு மூளையையும் ஈரலையும் தாக்குற ஆபத்து இருக்கு.

இந்தப் பயிற்சி ஏதோ கைவைத்தியம் இல்ல. 1988ல பாக்ஸ்டர், டல்பர்க்னு ரெண்டு பேர் கனடாவுல இதே மூணு சதைகளை, பெத்தவங்க கையாலயே தினமும் ரெண்டு வேளை நீட்ட வெச்சுப் பார்த்திருக்காங்க. நீட்டி விட்ட பிள்ளைகளுக்கு மத்தவங்களை விட சீக்கிரம் வலி நின்னிருக்கு. சின்ன ஆய்வுதான், அதை வெச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா செலவில்லாதது, மெதுவா செஞ்சா கெடுதலும் இல்லாதது.

இப்ப மூணு மாசம் ஆச்சு. வலி மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு கொறைஞ்சிருக்கு. பயிற்சியாலயா, தானா கொறைஞ்சதான்னு கேட்டா, ஒரே ஒரு டெஸ்ட் கேஸை வெச்சுக்கிட்டு எதையும் சொல்ல மாட்டேன். இந்த வலி இப்படித்தான் வந்து வந்து போகும், கடைசில தானா நின்னும் போகும். ஆனா ஒண்ணு நிச்சயமா மாறியிருக்கு. தினமும் ராத்திரி காலைத் தூக்கிப் பிடிச்சு இருபது எண்ணுறது மச்சான்தான். அவர் பதினெட்டுலேர்ந்து இருபதுக்குத் தாவுனா, "பத்தொன்பதக் காணோம்"னு வாலு சண்டைக்கு வரும். போன வாரம் அவ அவர்கிட்டயே நேரா போய், "அப்பா, இன்னைக்கு ரொம்ப ஓடிட்டேன், வலிக்கும் போல இருக்கு, சூடு வெச்சு விடு"ன்னு கேட்டுருக்கா. சைக்கிள் சாவி இப்ப ஆணில தொங்குது, அவ கைக்கு எட்டுற உயரத்துல.

பிள்ளை வலிக்குதுன்னு வந்து சொன்னா, அதுகிட்ட இருந்து எதையும் பறிக்காதீங்க மக்கா. அப்பத்தான் அடுத்த தடவையும் வந்து சொல்லும். நெசமாவே பெரிய வலி ஒண்ணு வந்தாலும், நமக்கு அது தெரியறது அந்தப் பிள்ளை வாயாலதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, வெறும் பொட்டி தட்டுறவன். மேல இருக்கதைப் படிச்சுட்டு நேரா பிள்ளை காலைப் பிடிக்காம, முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க. பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் கண்ணு முன்னால ஒரு தடவை செஞ்சு பழகிக்கங்க.