முறை வரும் வாரம்

வாரத்தையே கால அளவாகக் கொண்டு வாழ்பவர்கள் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்கள். திங்களன்று ஓர் ஊரில் தொடங்கி, ஞாயிறன்று முடித்து, அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டிவிடுகிறார்கள். தோற்றவர்கள் புதன்கிழமையே கிளம்பிவிடுகிறார்கள். போட்டி தொடங்கும் முன்பு வெளியாகும் அட்டவணையை வைத்துக்கொண்டு, அவ்வாரம் யாருக்கு எப்படி அமையும் என்று பேசிப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. எங்களிடம் என்றால், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய தோணிரேவிலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் பிறந்து, இலக்கியப் பத்திரிகைகளைக் கைமாற்றிப் படித்ததால் நண்பர்களான சில ஆண்களிடமும் பெண்களிடமும் என்று கொள்க.

எங்களில் ஒருவரும் டென்னிஸ் மட்டையைப் பிடித்தவரில்லை. ரேவு என்பது துறையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தோணித் துறையில் இருப்பவர்களுக்கு டென்னிஸ் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். அட்டவணை படிக்கும் பழக்கம் எங்களுக்கு டென்னிஸால் வந்ததன்று, பாட்டினால் வந்தது.

பாடு என்பது இந்த ஏரியில் தொன்றுதொட்டு வரும் மீன்பிடி முறை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டமுள்ள இடங்களில் கழி நட்டு வலை கட்டினால் இறால் நன்றாகப் படும். அத்தகைய இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டையே மிஞ்சும். ஆகவே உரிமையுள்ள குப்பத்தார் குழுக்களாகப் பிரிந்து, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். சீட்டில் நல்ல இடம் விழுவது அதிர்ஷ்டம். விழுந்த நாளில் நீரோட்டம் ஒத்துழைக்க வேண்டும். அதற்கும் மேல் வலைக்காரரின் கைத்திறன் இருக்கிறது.

டென்னிஸ் அட்டவணையும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். 32 பேர் ஆடும் போட்டியில் வழக்கமாக எட்டுப் பேருக்குத் தரநிலை தருவார்கள். முதல் தரநிலைக்காரர் மேல் நுனியிலும் இரண்டாமவர் கீழ் நுனியிலும் நிற்பார்கள். மற்றவர்கள் எங்கே விழுவார்கள் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். கோப்பைக்கு ஐந்து ஆட்டங்கள் வெல்ல வேண்டும். சென்ற ஆண்டு இதே போட்டியில் ஈட்டிய புள்ளிகள் ஓராண்டில் கழிந்துபோகும் என்பதால், சென்ற முறை வென்றவர் இருந்த இடத்தில் நிற்பதற்கே மறுபடியும் வென்றாக வேண்டும். ஒரு வாரத்தைக் கணிக்க முனைபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுமையைத்தான்.

இரண்டாவது, களைப்பு. 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த சென்னை ஓப்பன் அரையிறுதியில், ரஃபேல் நடால் தம் நாட்டவரான கார்லோஸ் மோயாவை மூன்று செட்டுகளில், ஏறக்குறைய நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். முந்தைய நாளின் ஆட்ட நேரத்தைக் கவனித்திருந்தவர்கள் அத்தனை வியந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, வானிலை. 2025 அக்டோபர் இறுதியில் சென்னையில் பெண்களுக்கான போட்டி தொடங்கியபோது வங்கக் கடலில் மோந்தா புயல் இருந்தது. மழையால் நுங்கம்பாக்கத்தில் ஆட்டங்கள் தடைப்பட்டன. கடலுக்குப் போக வேண்டாமென்ற எச்சரிக்கை எங்கள் கரைக்கும் வந்தது. ஒரே வானிலை அறிக்கையை இரு தொழிலுக்குமாகச் சேர்த்துப் படித்தோம்.

இவ்வளவையும் பார்த்த பின்பும் கணிப்புப் பொய்க்கும். ஆண்டின் முதல் வாரங்கள் இதற்குப் பேர்போனவை. ஆண்களும் பெண்களும் ஒரே ஊரில் ஆடும் பிரிஸ்பேனில் 2025இல் நடந்ததை நினைவுகூரலாம். ஆண்கள் பக்கம், காயத்தால் நெடுநாள் ஆடாமல் தரவரிசையில் முந்நூறுக்கு அருகே கிடந்த ரெய்லி ஓபெல்கா, காலிறுதியில் ஜோகோவிச்சை வீழ்த்தினார். பிறகு இறுதியாட்டத்தில் உடல் ஒத்துழையாமல் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார். பெண்கள் பக்கம், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்த பொலினா குடெர்மெடோவா இறுதியில் சபலென்காவிடம் முதல் செட்டைப் பறித்துவிட்டுத் தோற்றார்.

தகுதிச் சுற்று என்னும் இந்தப் பக்கவாசலே எங்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது. நேரடி இடம் கிடைக்காதவர் முன்னதாகவே வந்து ஆடி உள்ளே நுழையலாம். போட்டி நடத்துபவர்கள் சிலருக்குச் சிறப்பு அனுமதியும் தரலாம். 2009இல் சோம்தேவ் தேவ்வர்மன் அப்படி அனுமதி பெற்றுத்தான் சென்னையில் இறங்கினார். இருநூறுக்கு வெளியே இருந்த அவர் இறுதியாட்டம்வரை சென்று மாரின் சிலிச்சிடம் தோற்றார். 2018இல் அப்போட்டி புனேவுக்குப் போனது. 2023க்குப் பின் அங்கும் நின்றுபோயிற்று.

பாட்டில் தகுதிச் சுற்று இல்லை. உரிமை பிறப்பால் வருவது. அதுவும் மணமான ஆணைத் தலைக்கட்டாகக் கொண்டு எண்ணப்படுவது. உரிமையில்லாத குப்பத்தார் நல்ல இடங்களுக்கு வெளியே வலை போடுகிறார்கள், அல்லது ஆழமற்ற நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடிப்பவர்களில் பெண்கள் பலர். எங்கள் கூட்டத்திலும் பாடுள்ள வீட்டாரும் இல்லாத வீட்டாரும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் சென்னையில் பெண்கள் போட்டி நடந்து, 17 வயதான செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா கடைசி செட்டில் பின்தங்கியிருந்தும் மக்தா லினெட்டை வென்றபோது, எங்கள் தோழி ஒருவர் கேட்டார்: "சீட்டுப் போடுறது நல்ல வழக்கம்தான் அண்ணே. ஆனா அந்தச் சீட்டுல பேரு எழுதுறது யாரு?"

அன்று எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். எழுத்தில் இல்லாத ஒரு சட்டம் இத்தனை தலைமுறைகளாகச் சண்டையைத் தவிர்த்து, ஏரியை ஒரேயடியாக அரித்துவிடாமல் காத்திருக்கிறது. அதை நீக்கினால் வலுத்தவனே வலை கட்டுவான். ஆனால் ஒரு முறைமை நியாயமாகச் சுழல்வதும், அதற்குள் யாரை அனுமதிக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை டென்னிஸ் எங்களுக்குத் தெளிவாக்கியது. டென்னிஸிலும் இது தானாக நிகழவில்லை. பில்லி ஜீன் கிங்கும் தோழியரும் 1973இல் சங்கம் கண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் சமப் பரிசு தந்தது. விம்பிள்டன் தருவதற்கு 2007 ஆயிற்று. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் 1000, 500 நிலைப் போட்டிகளுக்கு 2027ஐயும், தனித்து நடப்பவற்றுக்கு 2033ஐயும் பெண்கள் சங்கம் இலக்காக வைத்திருக்கிறது.

2025இல் சென்னைக் கோப்பையை வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். அந்நாட்டுப் பெண் ஒருவர் இந்நிலையில் ஒற்றையர் கோப்பை வென்று அதற்குள் 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் கணிப்பில் அவர் பெயரைச் சொன்னவர் ஒரே ஒருவர். மேலே கேள்வி கேட்ட தோழிதான் அவர். என்ன கணக்கில் சொன்னீர்கள் என்று கேட்டோம். புயல் வாரத்தில் நெடுநேரம் காத்திருக்கத் தெரிந்தவரே வெல்வார் என்றார்.

அடுத்த அட்டவணை வரும்போது அவரையே முதலில் பேசச் சொல்வதாக இருக்கிறோம். பாட்டைப் பற்றிய அவருடைய கேள்வியையும் ஊர்க்கூட்டத்தில் அவரே எழுப்பட்டும் என்பது எங்களில் பெரும்பாலோர் விருப்பம். பாடுள்ள வீட்டாரில் இருவர் உடன் எழுந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.